வேலை உறுதி, சர்வீஸ்நவ் பயிற்சி என்று யாராவது அழைத்தால்

என் பெயரில் இருந்த 75,000 ரூபாய் கடனின் கடைசித் தவணையைச் சென்ற வாரம் கட்டி முடித்தேன். அது முடியும்வரை எதையும் வெளியில் எழுத வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். முடிந்துவிட்டது, எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். கடவுச்சொல் மறந்துவிட்டது, வி.பி.என். இணையவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்று வரும் அழைப்புகளைச் சர்வீஸ்நவ் என்ற மென்பொருளில் டிக்கெட்டாக, அதாவது புகார்ப் பதிவாக, ஏற்றுவது என் வேலை. அந்தப் படிவத்தில் முன்னுரிமை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நாம் கைவைத்து மாற்ற முடியாது. பாதிப்பு எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்று இரண்டு கட்டங்களை நிரப்பினால் முன்னுரிமை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கிருந்து வருகிறது, யார் எழுதிவைத்தார்கள் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். படிவத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், அந்த வேலைக்கே மாறிவிட வேண்டும் என்ற ஆசை அங்கேதான் தொடங்கியது.

2024 டிசம்பரில் ஒரு பயிற்சி நிலையத்தின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்று மாதப் பயிற்சி, நூறு சதவீத வேலை உறுதி, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப. விசாரித்த அன்று மாலையே ஒரு பெண் அழைத்தார். "சார், இந்த பேட்ச்சில் இரண்டு இடம்தான் மீதி இருக்கிறது. இன்றைக்குப் பதிவு செய்தால் 1,10,000 ரூபாய் 85,000 ஆகும்" என்றார். மறுநாள் நேரில் போனேன். 10,000 ரூபாயை ஜிபேயில் ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். மீதி 75,000 ரூபாய்க்கு மாதம் 6,250 வீதம் பன்னிரண்டு தவணை, வட்டியே இல்லை என்றார்கள். என் கைப்பேசியை வாங்கி, ஆதார், பான் எண்களை அவர்களே ஏற்றி, வந்த ஓடிபியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். திண்டுக்கல்லில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "இது ஃபீஸ் தவணையா, கடனா?" எனக்குப் பதில் தெரியவில்லை. மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் போட்டு, முழுத் தொகையையும் பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்ட வேண்டியவன் நான். இணையவழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி, கடன் வாங்கியவர் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளக் குறுகிய அவகாசம் தர வேண்டும். கடனின் முக்கிய விவரங்களைத் தனித்தாளில் கொடுக்கவும் வேண்டும். எனக்கு வந்த தாளில் அந்த அவகாசம் எழுதியிருந்தது. நான் படிப்பதற்குள் அது முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் நேரடி வகுப்பு நடந்தது. இருபத்தாறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ் (உள்ளே போய்ப் பழகுவதற்கான சர்வீஸ்நவ் தளம்), ஒரே ஒரு அட்மின் கடவுச்சொல். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடுவார். முதல் வாரத்திலேயே முன்னுரிமைக் கட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் இன்டர்வியூவில் வராது" என்று சொல்லிப் பயிற்றுநர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்; கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பதிவு செய்த வீடியோக்கள்தான். அவற்றில் வந்தது சர்வீஸ்நவ்வின் ரோம் என்ற வெளியீடு, 2021-ஐச் சேர்ந்த பதிப்பு. 2022-ல் சான் டியேகோ வெளியீட்டோடு திரையின் தோற்றமே மாறிவிட்டது. அலுவலகத்தில் தினமும் புதிய திரையைப் பார்க்கிற எனக்கு, அந்த வீடியோவில் எந்த மெனு எங்கே என்று தேடவே நேரம் போனது.

பிப்ரவரித் தொடக்கத்தில் எங்கள் இன்ஸ்டன்ஸும் போய்விட்டது. செய்து வைத்திருந்த பயிற்சிகள் எல்லாம் காணாமல் போயின. ஏன் என்று இணையத்தில் தேடியபோது எனக்குக் கிடைத்த விடையைத் தயவுசெய்து ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வீஸ்நவ் நிறுவனமே டெவலப்பர் தளத்தில், ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்கிற எவருக்கும் சொந்த இன்ஸ்டன்ஸை இலவசமாகத் தருகிறது. பத்து நாள் பயன்படுத்தாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் நிபந்தனை. எங்கள் இருபத்தாறு பேரின் பணத்துக்கும் காட்டப்பட்டது அந்தப் பயிற்றுநரின் இலவச இன்ஸ்டன்ஸ். சர்வீஸ்நவ்வை நிர்வகிப்பதற்கான அடிப்படைப் பாடமும் அந்த நிறுவனத்தின் பயிற்சித் தளத்தில் கட்டணம் இல்லாமல் இருக்கிறது. அதை முடித்தால் எழுதக்கூடிய முதல் சான்றிதழ்த் தேர்வு, சர்வீஸ்நவ் நிர்வாகிக்கான சி.எஸ்.ஏ. அந்தத் தேர்வுக்குப் பயிற்சி நிலையம் எங்களுக்குக் கொடுத்ததோ எங்கிருந்தோ திருடிய கேள்வித்தாள் கோப்பு. மனப்பாடம் செய்யுங்கள் என்றார்கள்.

அன்றிரவே எனக்கென்று ஒரு இன்ஸ்டன்ஸ் வாங்கினேன். அட்மினாக உள்ளே போய் முன்னுரிமைக்கான விதிகளைத் தேடினேன். ஒன்பது வரிகள் கொண்ட ஒரு சிறிய அட்டவணை. பாதிப்பு 1, அவசரம் 1 என்றால் முன்னுரிமை 1. இரண்டும் 2 என்றால் 3. இரண்டும் 3 என்றால் 5. ஏழு வருடம் என் முன்னால் நின்ற புதிர் அந்த ஒன்பது வரிகளில் இருந்தது. ஒரு வரியை மாற்றிவிட்டுப் புதிய டிக்கெட் போட்டுப் பார்த்தேன். முன்னுரிமையும் மாறி வந்தது. விடியும்வரை நான் தூங்கவில்லை.

ஆனால் அதற்குள் நான் இன்னொரு குழியில் இறங்கிவிட்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். புதியவர்களை யாரும் எடுக்க மாட்டார்கள், மூன்று வருட அனுபவம் காட்டினால்தான் அழைப்பு வரும் என்று பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். அவர்களே எனக்கு ஒரு ரெஸ்யூமே எழுதினார்கள். என் ஏழு வருட சர்வீஸ் டெஸ்க் வேலையை முழுவதும் எடுத்துவிட்டு, பெங்களூரில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தில் டெவலப்பராக இருந்ததாகப் போட்டார்கள். முத்திரை, கையெழுத்தோடு அனுபவச் சான்றும் வந்தது. சேர்ந்த தேதி 10.04.2020. அன்று புனித வெள்ளி. நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த நாளில் நான் திண்டுக்கல் வீட்டுக் கூடத்தில், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கணினியை வைத்துக்கொண்டு அழைப்புகள் எடுத்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்திருந்தும் அந்த ரெஸ்யூமேயோடு ஒரு நேர்காணலுக்குப் போனேன்.

கேள்வி கேட்டவர் நடுவயதுப் பெண்மணி. அதட்டவே இல்லை. "கடைசியாக எந்த வெளியீட்டிலிருந்து எதற்கு மாறினீர்கள்? ஸ்கிப் ஆன பட்டியலில் என்னென்ன வந்தன?" என்று கேட்டார். சர்வீஸ்நவ்வில் ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் உண்டு. அகர வரிசையில் இடப் பெயர்கள் வைப்பார்கள். புதிய வெளியீட்டுக்கு மாறும்போது, அதைப் பயன்படுத்துகிற நிறுவனம் தன் தேவைக்கு மாற்றி வைத்திருக்கிற பகுதிகளை அது தொடாமல் தாண்டிப் போய், பட்டியலாகக் கொடுக்கும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்பது டெவலப்பர்களின் தலையில் விழுகிற வேலை. மூன்று வருடம் இருந்தவர் அதைச் செய்யாமல் இருந்திருக்கவே முடியாது. நான் வாயடைத்துப் போனேன். சற்று நேரம் டிக்கெட்டுகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நீங்கள் சர்வீஸ் டெஸ்க்கில் இருந்தவர் மாதிரிப் பேசுகிறீர்கள். அதை ஏன் எழுதவில்லை? எங்களுக்கு அது தேவைப்படும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 85,000 ரூபாய் போனதைவிட, என்னிடம் உண்மையாக இருந்த ஒன்றை நானே அழித்துவிட்டு வந்து நின்றேன் என்பதுதான் வலித்தது.

நிலையத்தில் நடந்ததைச் சொன்னபோது, இன்னும் 40,000 ரூபாய் கொடுத்தால் பின்னணிச் சரிபார்ப்பையும் பார்த்துக்கொள்வோம், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை எல்லாம் தயார் செய்து தருவோம் என்றார்கள். அன்றிரவு அரசின் உமங் செயலியில் என் வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கைத் திறந்தேன். 2020 ஏப்ரல் உட்பட மாதம் தவறாமல் என் இப்போதைய நிறுவனத்தின் பெயரே இருந்தது. நிறுவனங்கள் வைப்பு நிதிக் கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கொண்டு வேலை வரலாற்றைச் சரிபார்க்கின்றன. வரிப்பிடித்தம் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகியிருக்கும். எந்தச் சீட்டை அச்சடித்தாலும் இவற்றில் ஒரு வரியைக்கூட அவர்களால் சேர்க்க முடியாது. பிடிபட்டால் வேலை போவதோடு நிற்காது, போலி ஆவணம் கொடுத்த குற்றமும் நம் தலையில்தான் விழும். அவர்கள் கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். விளம்பரத்தில் 'வேலை உறுதி' என்று இருந்தது ஒப்பந்தத்தில் 'வேலைவாய்ப்பு உதவி' என்று இருந்தது. ஒரு நேர்காணலுக்கு அனுப்பியதால் உதவி செய்தாகிவிட்டதாம். ரசீதில் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்ததாக எழுதியிருந்தார்கள், ஜி.எஸ்.டி. எண் எங்கும் இல்லை. வாங்கிய அன்றே ரசீதைத் திருப்பிப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவும் நேர்ந்திருக்காது. ஜி.எஸ்.டி. தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கோபத்தில் ஒரு மாதத் தவணையை நிறுத்தினேன். அதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். நிதி நிறுவனத்துக்கும் பயிற்சி நிலையத்துக்கும் நடுவில் நின்று அடிவாங்கியது என் சிபில் மதிப்பெண்தான். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், வேலை உறுதி என்று பொய்யாகச் சொல்வதைத் தடுக்கின்றன. என் மனுவில் அதையும் சேர்த்திருக்கிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

இப்போதும் அதே சர்வீஸ் டெஸ்க்கில்தான் இருக்கிறேன். என் ரெஸ்யூமேயில் ஏழு வருடமும் திரும்ப வந்துவிட்டது. சி.எஸ்.ஏ. தேர்வுக்கு என் இன்ஸ்டன்ஸில் நானே படிக்கிறேன். எங்கள் அலுவலகத்தின் சர்வீஸ்நவ் குழுவினரிடம் சிறு வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்கிறேன். கேட்டால் கொடுப்பார்கள் என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

2025 ஜனவரி பேட்ச்சில் என்னோடு படித்த யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி வேண்டும். என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், என் பழைய கைப்பேசியும் பழுதாகிவிட்டது. 'வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப' என்று போட்ட அந்த விளம்பரப் படம் உங்களிடம் இருந்தால் அழித்துவிடாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி எனக்கு அனுப்புங்கள். அடுத்த விசாரணைக்குள் அது என் கையில் இருக்க வேண்டும்.