ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரும் நான் வாங்கிய ஸ்கேனரும்

வீல் அலைன்மென்ட் செய்துவிட்டு வந்த மறுநாளே டேஷ்போர்டில் இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிய ஆரம்பித்தது. சறுக்கும் கார் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்குதான். ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாததால் ஒரு வாரம் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒரு பட்டறையில் காட்டினால், எரர் கோடு சி0051, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் போய்விட்டது, மாற்றணும் என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு நிமிடம் உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் வண்டியின் எரர் கோடுகளைப் படிக்கும் இந்த ஸ்கேனரை வாங்கினேன்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு சின்ன ப்ளூடூத் ரீடர் இருந்தது, ஆனால் அது இன்ஜின் எரர் கோடு மட்டும்தான் படிக்கும், இஎஸ்சியையும் கவனிக்கும் ஏபிஎஸ் (பிரேக்) பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இந்த ஸ்கேனரில் ஏபிஎஸ் மாட்யூலின் லைவ் டேட்டா (சென்சார்கள் அந்தந்த நொடியில் காட்டும் எண்கள்) வருகிறது, சென்சாரின் பூஜ்யத்தைத் திரும்ப அமைக்கும் காலிபரேஷனும் உண்டு. பெட்டியில் ‘எல்லா சிஸ்டமும்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், உங்கள் மாடலுக்கு இந்த இரண்டும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்கேனரைச் சொருகி, டயர்களை நேராக வைத்துப் பார்த்தேன். திரையில் இடது பக்கம் 9 டிகிரி. அலைன்மென்ட்டில், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கிவிட்டார்கள், சென்சாரின் பூஜ்யம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இஎஸ்சி என்ன நினைக்கும்? ஆள் இடது பக்கம் திருப்புகிறார், வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கும் யா சென்சாரோ, வண்டி நேராகப் போகிறது என்கிறது, யாரை நம்புவது? குழம்பிப்போய் வேலையை நிறுத்திவிடும். சரி, காலிபரேஷன் செய்தேன், விளக்கு அணைந்தது, பட்டறைக்காரரை மனதுக்குள் ஒரு பிடி பிடித்தேன்.

இரண்டே நாளில் விளக்கு திரும்ப வந்துவிட்டது!

இங்கேதான் இந்தக் கருவியின் கிராஃப் கைகொடுத்தது. ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினால் கோடு வழுவழுவென்று ஏறணும். முதல் முறை வேகமாகத் திருப்பினேன், ஒன்றும் தெரியவில்லை. கிராஃப் அவ்வளவு மெதுவாகத்தான் புதுப்பிக்கிறது, அது ஒரு பெரிய குறை. அங்குலம் அங்குலமாகத் திருப்பியபோதுதான், இடது பக்கம் 140 டிகிரியைத் தாண்டும் இடத்தில் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி ஏறியது. நான்கு முறை திருப்பினேன், நான்கு முறையும் அதே இடம். கனெக்டரை ஆட்டிப் பார்த்தேன், மல்டிமீட்டரில் சப்ளையும் எர்த்தும் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. ஆக, கெட்டது சென்சார்தான். பட்டறைக்காரர் சொன்னது கடைசியில் சரியாகிவிட்டது, ஆனால் அவர் பார்க்காமல் சொன்னார் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை.

மாற்றும் வேலையை நான் தொடவில்லை. என் வண்டியில் அது கிளாக் ஸ்பிரிங்குக்குக் (ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுழலும் வயர்ச் சுருள்) கீழே இருக்கிறது, ஏர்பேக்கைக் கழற்றாமல் கை போகாது. பேட்டரி நெகட்டிவை எடுத்து, ஏர்பேக் சர்க்யூட்டில் மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கும்வரை காத்திருந்து கழற்றத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன். புது சென்சார் போட்டபின் காலிபரேஷன் கொடுத்தால், ‘தோல்வி’ என்று ஒரே ஒரு சொல். ஏன், எதனால், ஒன்றும் கிடையாது. மூன்று முறை அதே பதில். கடைசியில் பார்த்தால், இக்னிஷன் வெகுநேரம் ஆனில் இருந்ததால் பேட்டரி 11.6 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. சார்ஜரை மாட்டியதும் முதல் முயற்சியிலேயே முடிந்தது. வோல்டேஜ் குறைவு என்று ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு ஒரு மதியம் மிச்சமாகியிருக்கும்.

சில வண்டிகள் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினாலே பூஜ்யத்தைத் தாமாகக் கற்றுக்கொள்ளும், அந்த வகை வைத்திருப்பவர்கள் காலிபரேஷனுக்காக மட்டும் இதை வாங்க வேண்டியதில்லை. கிராஃபுக்காக என்றால் வாங்கலாம். நான்கு ஸ்டார் கொடுக்கிறேன். கேபிள் வேறு குட்டை, ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே மடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.