நமீப் பாலைவனக் கடற்கரையில் எட்டு நாள் மோட்டார் சைக்கிள் குழுப் பயணம்: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நாங்கள் நால்வர் சென்ற ஆகஸ்ட் மாதம் நமீபியாவுக்குப் போய், வழிகாட்டியுடன் கூடிய எட்டு நாள் மோட்டார் சைக்கிள் பயணத்தை முடித்துத் திரும்பினோம். வந்த நாள் முதல் கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் பார்ப்பவர்கள் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். கொடுத்த பணத்துக்குத் தகுமா? தோட்டத்துச் சாலையில் ஓட்டிப் பழகிய நம்மால் அங்கே ஓட்ட முடியுமா? இரண்டுக்கும் முடியும், தகும் என்பதே என் பதில். ஆனால், அதற்கான காரணம் பாலைவனத்தின் அழகு மட்டுமன்று.

விமானச் செலவு நீங்கலாக ஆளுக்கு ஏறத்தாழ 17,000 ரிங்கிட் ஆயிற்று. மோட்டார் சைக்கிள் வாடகை, தங்கும் இடம், காலை இரவு உணவு, பின்னால் வரும் உதவி வண்டி, அதிலே ஒரு மெக்கானிக் எல்லாம் அதில் அடங்கும். கோலாலம்பூரிலிருந்து விண்ட்ஹூக்கிற்கு நேரடி விமானம் இல்லாததால் ஜொகானஸ்பர்க் வழியாகச் சென்றோம். தலைநகரான விண்ட்ஹூக் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஆகஸ்ட் மாதக் காலைக் குளிர் கேமரன் மலையை மிஞ்சுகிறது. தடித்த கையுறை இல்லாமல் போனால் முதல் நாளே வருந்த நேரும். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி. குழுவில் இருந்த ஜெர்மானியர் இருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தயங்கியதைப் பார்த்தபோது அதன் அருமை புரிந்தது.

விண்ட்ஹூக்கை விட்டு மேற்கே இறங்கியதும் தார்ச்சாலை முடிந்து சரளைச் சாலை தொடங்குகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் குறுக்கே வரிவரியாக நெளிவு விழுமல்லவா, அதே நெளிவு அங்கும் உண்டு. தகரக் கூரையைத் தரையில் படுக்க வைத்தது போலக் கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. எங்களில் மூத்தவரான அண்ணன் முதல் ஓய்விடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றியதும், "தம்பி, நெளிவு நமக்குப் பழகினதுதான். ஆனா நம்ம ரோட்டுக்கு ஒரு முடிவு இருக்கு, இதுக்கு இல்லையே" என்றார். தோட்டத்தில் கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளை ஓட்டிக் கற்ற சமநிலை கைகொடுக்கிறது. ஆனால், இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிஎம்டபிள்யூ எஃப் 800 ஜிஎஸ் உதிரி மணலில் முன்சக்கரம் ஆடத் தொடங்கும்போது, பிரேக்கைத் தொடாமல், எழுந்து நின்று, எடையைப் பின்னுக்குத் தள்ளி, தொலைவில் பார்வையை வைத்து, சீராக எரிபொருள் கொடுக்க வேண்டும். பயந்து வேகத்தைக் குறைத்தவர்கள்தாம் விழுந்தார்கள். முதல் நாள் காலை ஒன்றரை மணி நேரம் ஒரு காய்ந்த ஆற்றுப்படுகையில் வழிகாட்டி எங்களுக்கு இதைப் பயிற்சியாகவே கொடுத்தார். அந்தப் பயிற்சி இல்லாத பயணத்தில் யாரும் சேர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

நான் கொடுத்த பணத்துக்கு உண்மையான பெறுமதி, வழிகாட்டி குழுவை நடத்திய முறையில் இருந்தது. சரளைச் சாலையில் முன்னால் போகிறவர் எழுப்பும் தூசி நிமிடக்கணக்கில் காற்றில் நிற்கும். அதற்குள் புகுந்தால் எதிரே வரும் வண்டியும் தெரியாது, காலடியில் உள்ள கல்லும் தெரியாது. ஆகவே முன்னவரின் தூசி படிந்த பிறகே அடுத்தவர் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது விதி. அப்படி இடைவெளி விட்டால் ஒன்பது பேர் கொண்ட குழு பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிவிடும். அதற்கு அவர் வைத்திருந்த வழி இது: ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் தமக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டு முன்னே போவார், நிறுத்தப்பட்டவர் மற்ற எல்லாருக்கும் வழி காட்டி, கடைசியாக வரும் உதவி வண்டியைக் கண்ட பிறகே அங்கிருந்து நகரலாம். எட்டு நாளும் ஒருவர்கூட வழி தவறவில்லை. கடற்கரை நகரமான வால்விஸ் பே நோக்கிச் செல்லும் சி14 சாலையில், சாலிட்டேர் என்னும் சிற்றூரை விட்டால் 230 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது, பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் கிடையாது. அங்கே ஒரு தவறான திருப்பம் என்ன விலை கேட்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒழுங்கின் மதிப்பு விளங்கும்.

அதே சாலையில்தான் என் குறையும் நேர்ந்தது. மகர ரேகையைக் குறிக்கும் பலகையைத் தாண்டி, காவுப், குய்செப் என்னும் இரு கணவாய்களையும் கடந்து, கண்ணுக்கெட்டிய வரை ஒரு செடிகூட இல்லாத சரளைச் சமவெளிக்கு வந்தபோது, பின்சக்கரம் திடீரெனக் குழைந்தது. நிறுத்திப் பார்த்தேன், கூரான கல் ஒன்று டயரைத் துளைத்து டியூபைக் கிழித்திருந்தது. கல் குத்துவது யாருடைய குற்றமும் அன்று. ஆனால், அந்த டயரின் நடுப்பகுதி என் விரல் நகம் புதையாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. விளம்பரத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய டயர் என்று எழுதியிருந்தார்கள். புறப்படும் முன்பே நான் குனிந்து பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் புதிய டயர் போடுவது அவர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஏற்ற கடமை. மெக்கானிக் வந்து, ஸ்டாண்டு மணலில் புதையாதிருக்கத் தட்டைக் கல்லை அடியில் வைத்து, இயந்திரத்துக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, இரண்டு இரும்புக் கரண்டிகளால் டயரை நெம்பி, அரை மணி நேரத்துக்குள் புதிய டியூபைப் போட்டு முடித்தார். அவருடைய கைத்திறனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு டயரின் படத்துடன் எழுதினேன். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, அதற்குமேல் எதுவும் வரவில்லை.

இன்னொன்றையும் அவர்கள் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். செம்மணல் குன்றுகளுக்குப் பெயர்பெற்ற சோசுஸ்வ்லெய்க்குள் மோட்டார் சைக்கிள் விடுவதில்லை. செஸ்ரியம் நுழைவாயிலில் வண்டிகளை நிறுத்திவிட்டு, உதவி வண்டியில்தான் உள்ளே போனோம். குன்றுகளுக்கு நடுவே ஓட்டப்போகிறோம் என்று மாதக்கணக்கில் கனவு கண்டிருந்த எங்களுக்கு அது ஏமாற்றமே. ஆனால் உள்ளே இருக்கும் டெட்வ்லெய் என்னும் இடத்தில் காலை வைத்த பிறகு அந்த ஏமாற்றம் நீடிக்கவில்லை. குன்றுகள் நகர்ந்து ஆற்றை மறித்ததால் நீரற்றுப்போன வெண்களிமண் தரையில், பல நூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள் இன்னும் நிற்கின்றன. காற்று அவ்வளவு வறண்டது என்பதால் அவை மக்கவில்லை. வெட்டிப்போட்ட ரப்பர் மரம் நம் ஊர் மழையில் எத்தனை விரைவில் காளான் பூத்து உதிர்ந்துபோகும் என்பதை அறிந்தவன் நான். ஒரு கிளையின் அருகே நெடுநேரம் நின்று பார்த்தேன்.

கடற்கரை வேறொரு உலகம். உள்நாட்டில் வெயிலில் காய்ந்துவிட்டு வந்த எங்களை, வால்விஸ் பேயை நெருங்கும்போது பனிமூட்டம் சுவராக எதிர்கொண்டது. பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிர்விப்பதால் மூடுபனி உண்டாகிறது, மழை மட்டும் பெய்வதே இல்லை எனலாம். பாலைவனத்து உயிர்களுக்கு அந்தப் பனியே தண்ணீர். சுவாகோப்முண்டுக்கு அருகே வெல்விட்சியா என்னும் செடியைக் காட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகள், அவையே நைந்து கிழிந்து நீண்டு வளர்கின்றன, சில செடிகளின் வயது ஆயிரம் ஆண்டுக்கு மேல். ஹென்டிஸ் பேக்குத் தெற்கே, 2008-இல் தரைதட்டிய சைலா என்னும் மீன்பிடிக் கப்பலைக் கண்டோம். உடைப்பதற்காக இந்தியாவுக்கு இழுத்துச் செல்லப்பட்ட கப்பல் அது. வழியில் வடம் அறுந்து கரையில் ஒதுங்கிவிட்டது. இப்போது அதன்மேல் முழுக்கக் கடற்பறவைகள். வடக்கே போகும் உப்புச் சாலை, உவர்நீர் ஊற்றி இறுக்கிய பாதை. உலர்ந்திருக்கும்போது தாரைப் போல வழுவழுப்பாக ஓடலாம், பனி படிந்த காலையில் சோப்பு பூசியது போல வழுக்கும். வழிகாட்டி அன்று பத்து மணி வரை எங்களைப் புறப்பட விடவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள், அவர் செய்தது சரி.

தங்கும் இடங்கள் எளிமையானவை, சுத்தமானவை. உணவில் இறைச்சிதான் அதிகம். வெள்ளிக்கிழமை சைவம் என்று முன்பே எழுதித் தெரிவித்திருந்ததால், பூசணியும் பாப் என்னும் மக்காச்சோளக் களியும் அன்போடு செய்து கொடுத்தார்கள். நாங்கள் கொண்டுபோன ஊறுகாய் அதற்கு நன்றாகவே சேர்ந்தது.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான் என்பதால், முழு பி உரிமம் எடுத்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். காப்புறுதி சரளைச் சாலையில் நேரும் சேதத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியைக் கையில் வாங்கும்போதே டயரைத் தொட்டுப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றிய பிறகே கையெழுத்திடுங்கள். சரளையில் ஓட்டிப் பழகாதவர்களுக்காக நாங்கள் நால்வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊருக்கு வெளியே உள்ள தோட்டத்துச் செம்மண் சாலையில் பயிற்சி வைத்திருக்கிறோம். லோரிகள் ஓடாத நாள் அது. பசியாறிவிட்டு, காலுறையும் முழங்கால் கவசமும் அணிந்து வாருங்கள்.