உபினா, தெற்குத் தீவுகளா?

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், சிங்கப்பூரில் ஒரு நாள் கூட்ட நெரிசலிலிருந்து தள்ளிப் போகவேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. வடகிழக்கில் உபின் தீவு. தெற்கே செயிண்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு தீவுகள்.

வசதி என்று பார்த்தால் உபின்தான். சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும், ஆளுக்கு 4 வெள்ளி, கால் மணி நேரத்தில் கரை. இறங்கியதும் வாடகைச் சைக்கிள், இளநீர், சாப்பாட்டுக் கடை. முட்டி வலிக்காரர்களுக்கு வேனும் உண்டு. சில பத்துப் பேர் இன்னும் அங்கே கம்பத்து (பழைய கிராமத்து) வீடுகளில் குடியிருக்கிறார்கள். கருங்கல் வெட்டிய பள்ளங்கள் இன்று ஏரிகளாக நிற்கின்றன. கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா என்ற ஈரநிலக் கடற்கரையை மண் கொட்டி மேடாக்க இருந்தார்கள். மக்கள் விடாமல் கேட்டதால் 2001 டிசம்பரில் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். பலகைப் பாதையில் குனிந்து நின்றால், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு சேற்றில் அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுவது தெரியும். அம்மா அங்கிருந்து நகரவே இல்லை.

தெற்குத் தீவுகளுக்கு மரீனா சவுத் பியரில் ஏறவேண்டும். கட்டணமும் கூட, படகும் நேரப்படிதான். தவறவிட்டால் வெகுநேரம் காத்திருக்கணும். புளியோதரை, தண்ணீர் எல்லாம் கட்டிக்கொண்டு போவது நல்லது. குசுவில் 1923இல் கட்டிய சீனக் கோயில் இருக்கிறது, சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. குளிக்க லாசரஸ் கடற்கரை அருமை, செயிண்ட் ஜான்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இவ்வளவு சிரமம் இருந்தும் நான் செயிண்ட் ஜான்ஸைத்தான் முதலில் சொல்வேன். 1874இல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் வந்தது. பிற்காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்த நம் ஆட்களை, நகரத்துக்குள் விடுமுன் அங்கேதான் இறக்கி நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். வேலை தேடி வந்தவர்கள், மடியில் குழந்தையோடு வந்தவர்கள். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

செயிண்ட் ஜான்ஸ் படகுத்துறையில் அப்பா வடக்கே பார்த்தபடி நின்றார். எதிரே நகரத்துக் கட்டடங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இவ்வளவு பக்கத்துல வந்துட்டுமா உள்ள விடல?" என்றார்.