நெல்லைக்கு எந்த ரயில்? வந்தே பாரத்தா, நெல்லை எக்ஸ்பிரஸா?

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவைச் சிகிச்சை. அதற்காக ஒரே ஆண்டில் ஏழு முறை சென்னையிலிருந்து அம்பாசமுத்திரம் போய்வந்தேன். ஐந்து முறை நெல்லை எக்ஸ்பிரஸ், இரண்டு முறை வந்தே பாரத். அடுத்த மாதத்துக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில்தான் முன்பதிவு செய்திருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

வேகத்திலும் சுத்தத்திலும் வந்தே பாரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய அந்த ரயில், எழும்பூரிலிருந்து நெல்லை வரை சுமார் 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. இரவு ரயிலான நெல்லை எக்ஸ்பிரஸுக்குப் பத்து மணி நேரம் ஆகும். கட்டணத்தில் கதை தலைகீழ்: படுக்கை வகுப்புக்குக் கொடுப்பதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது போய்ச்சேரும் நேரம். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் எழும்பூரில் கிளம்பும் வந்தே பாரத், நெல்லைக்கு வரும்போது இரவு பத்தரை மணி ஆகிவிடுகிறது. ரயிலின் வேலை அங்கே முடிந்துவிடும். எனக்கோ இன்னும் 35 கிலோமீட்டர் பாக்கி. முதல் முறை இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பாபநாசம் பஸ்ஸை விசாரித்தேன். போய்விட்டது என்றார் பழக்கடைக்காரர். வேறு வழியின்றி 900 ரூபாய் பேசி ஒரு கார் பிடித்தேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் எல்லாம் கடையடைத்துக் கிடந்தன. வீட்டை அடைந்தபோது நள்ளிரவு ஆகிவிட்டது. ஒரு கண்ணில் கட்டுடன் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மிச்சப்படுத்திய இரண்டு மணி நேரத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

திரும்பும்போதும் இதே பாடுதான். வந்தே பாரத் நெல்லையில் காலை ஆறு மணி வாக்கில் புறப்படுகிறது. அதைப் பிடிக்க நாலரை மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். போக அரை நாள், வர அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தது தனி.

நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் அலுவலகம் முடிந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டே ஏறலாம். மதுரை வந்ததா போனதா என்பதே தெரியாது. விடிந்து இறங்கினால் செங்கோட்டை பாசஞ்சர். ஒரு காபி விலைகூட ஆகாத டிக்கெட், ஜன்னலுக்கு வெளியே தாமிரபரணி வயல்கள். ரயில் தாமதமானால் பாசஞ்சர் கைவிட்டுப் போகும். எனக்கே ஒருமுறை போயிருக்கிறது. ஆனால் பகலில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

வேகத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1977இல் மீட்டர் கேஜ் பாதையில் வந்த வைகை எக்ஸ்பிரஸ், மதுரைக்கும் சென்னைக்கும் இடையே சுமார் ஏழு மணி நேரத்தில் ஓடியது. அகலப்பாதையும் மின்சார எஞ்சினும் வந்த பிறகும் வைகை அதே ஏழு மணி நேரச் சொச்சத்தில்தான் நிற்கிறது. வந்தே பாரத் அதை ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது பெரிய விஷயம். மதுரைக்காரர்கள் இரவு ஒன்பது மணிக்குள் இறங்கி வீட்டில் இட்லி சாப்பிடலாம். திருச்சிக்காரர்கள் அதற்கும் முன்னால். அவர்களுக்கு நான் வந்தே பாரத்தைத்தான் சொல்வேன். 180 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த வண்டி நெல்லை வரை சராசரி 83இல் போகிறது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை. முதுகுக்கு அது எப்படி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. படுக்கை வசதியுள்ள வந்தே பாரத்திலும் ஏறியதில்லை. அது எழும்பூர் – நெல்லைக்கு வந்தால் இந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். ஆனால் அதில் எல்லாமே ஏசி பெட்டிகள். படுக்கை வகுப்புக் கட்டணத்தில் ஊர் போய்வருகிறவர்களுக்கு அதில் இடமில்லை.

அடுத்த மாதம் திரும்பும்போது அம்மாவும் என்னோடு சென்னைக்கு வருகிறார். அவருக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது, எனக்கு மேலே.