தம்பலகாமத்துப் பெண்களின் எருமைத் தயிர்

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியால் கந்தளாய்ப் பக்கம் போகும் வழியில், தம்பலகாமம் சந்திக்கு அண்மையில், ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய தயிர்க் கடை ஒன்று உள்ளது. ஒரு வருடத்துக்கும் மேலாக அங்கே தயிர் வாங்கி வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை அண்டியிருக்க, எருமைப் பாலில் அது 7 சதவீதம் வரை வருவதாலும், சுட்ட மண்சட்டி மேலதிக நீரை உறிஞ்சிக்கொள்வதாலும், இந்தத் தயிர் கத்தியால் வெட்டி எடுக்கக்கூடிய இறுக்கத்துடன் உறைந்திருக்கிறது. நான் முதன்முறை போனபோது கடையில் நின்ற பெண் சட்டியை ஒரு பக்கமாகச் சரித்துக் காட்டினார். மஞ்சள் பூத்த ஆடை அசையவே இல்லை. மெல்லிய புகைவாசமும் மிதமான புளிப்பும் உண்டு. கித்துள் பாணி ஊற்றினால் என் பிள்ளைகள் சட்டியின் அடிவரை வழித்துச் சாப்பிடுகிறார்கள். மாவோ வேறெதுவோ கலந்து கட்டியாக்கிய தயிரைச் சாப்பிட்டுச் சலித்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் இந்தக் கடையை நான் மதிப்பது சுவைக்காக மட்டுமல்ல. மேசையில் ஒரு கொப்பி எப்போதும் விரிந்திருக்கும். ஒவ்வொருத்தி கொண்டுவந்த பாலின் அளவும், பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானி காட்டிய எண்ணும், அவளுக்குச் சேர வேண்டிய தொகையும் அவள் கண்முன்னே எழுதப்படுகின்றன. முன்பு வீட்டு வாசலுக்கு வந்து பால் எடுத்தவர் சொன்னதே அளவாகவும் விலையாகவும் இருந்தது என்றும், காசு வீட்டு ஆண்களின் கைக்கே போனது என்றும் அவர்கள் சொன்னார்கள். இப்போது அந்தக் காசில் பிள்ளையின் பாடசாலைச் செலவைத் தாயே தீர்மானிக்கிறாள். 2022இல் பால்மாவுக்காக நாம் வரிசையில் நின்ற நாட்களை நினைத்தால், ஊரிலேயே கறக்கும் பாலின் அருமை விளங்கும்.

மாடு வளர்ப்பவர்களுக்கு இங்கே பெரிய சிக்கல் மேய்ச்சல் தரைதான். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களில் பயிர் நிற்கும் காலத்தில் பட்டிகளைத் தூரத்துக் காட்டோரங்களுக்கு ஓட்டிச் செல்ல நேர்கிறது. அங்கே வனத்துக்கும் நெருக்கடி, வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் பால் வருமானம் இல்லை. இந்தக் குழு அதற்கு எளிய வழி ஒன்றைப் பிடித்திருக்கிறது. எண்ணிக்கையைப் பெருக்காமல், கறவை எருமைகளைச் சிலவாக வைத்து, வேலியில் சீமைக்கிளுவையும் வளவில் கோ-3 என்ற தீவனப் புல்லும் வளர்த்து வெட்டிப் போடுகிறார்கள். எருமை புரள்வதற்குச் சேற்றுக்குழியும் வேண்டும். வெயிலில் அது வாடினால் பால் குறைந்துவிடும். சாணம் வயலுக்கே திரும்புகிறது.

மண்சட்டியை வாழையிலையால் மூடி நூலால் கட்டித் தருவதையும் பாராட்ட வேண்டும். திருகோணமலை நகரில் கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் பொலித்தீனைத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

குறைகளும் உண்டு. சட்டியில் உறை போட்ட திகதி எழுதப்படுவதில்லை. ஒருமுறை கடும் புளிப்புடன் ஒரு சட்டி என் கைக்கு வந்தது. அடுத்த வாரம் அதைச் சொன்னபோது, "அக்கா, அது முந்தநாள் சட்டி, பார்க்காமல் தந்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று வேறு சட்டியைக் காசு வாங்காமல் தந்தார் அந்தத் தங்கச்சி. திகதி எழுதும்படி கேட்டிருக்கிறேன். ஆடி, ஆவணி வரட்சியில் பால் குறைந்து, காலை ஒன்பது மணிக்குள் தயிர் முடிந்துவிடுகிறது. குளிரூட்டி ஒன்று இருந்தால் நகரத்துக் கடைகளுக்கும் அனுப்ப முடியும். அதுவரை, வேண்டுபவர்கள் முதல் நாளே சொல்லிவைத்துவிட்டு, சட்டி உடையாமல் வைக்க ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.