ஏழு கம்ப்யூட்டர் ஆபீஸுக்கு எந்த மெயில் சர்வர் சரி?

பெங்களூர் பீனியாவில் ஒரு சிஎன்சி ஜாப் ஒர்க் யூனிட், ஆள் இருபது பேர், அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்கள் ஏழு பேர். அப்படிப்பட்ட ஆபீஸை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெங்களூரில் தொழில் நடத்தும் நம்மவர்கள் நிறையப் பேரிடம் கம்பெனி பெயரில் டொமைன் இருக்கிறது, வெப்சைட்டும் இருக்கிறது, ஆனால் கொட்டேஷன் மட்டும் இன்னமும் இலவச ஜிமெயிலில் இருந்துதான் போகிறது. சொந்த டொமைனில் மெயில் வேண்டும் என்று இறங்கினால் எதிரே இருப்பவை இவை: சொந்த சர்வர், வெப் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் மெயில், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ.

சொந்த சர்வரை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் ஆசை காட்டுவது அதுதான். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸும், மெயில் அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைப் பெட்டியில் இருந்து எடுத்துப் படிக்க டவ்காட் என்ற இலவச மென்பொருள்களும் போட்டால் லைசென்ஸ் காசே கிடையாது. மெயில்கவ் மாதிரி ரெடிமேட் தொகுப்புகள் வந்த பிறகு நிறுவுவதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. மெயில் வாங்குவதில் பிரச்சினையே இருக்காது. நாம் அனுப்புவதை எதிர்ப்பக்க சர்வர் நம்ப வேண்டுமே, சிக்கல் அங்கேதான். நிலையான ஐபி (இணையத்தில் நம் சர்வரின் முகவரி எண்) வேண்டும், அந்த ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (அந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் பதிவு) போட இன்டர்நெட் கம்பெனிக்காரர் சம்மதிக்க வேண்டும், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் அனுப்பிக்கொள்ளும் வழியான 25ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். சாதாரண பிராட்பேண்ட் ஐபிகள் ஸ்பேமைத் தடுக்க ஐபி பட்டியல் வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியலில் 'நேரடியாக மெயில் அனுப்பக் கூடாதவை' என்று ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டிகிம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையொப்பம்) சரியாக இருந்தாக வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிசகினால் கொட்டேஷன் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும், வாடிக்கையாளரும் சொல்லமாட்டார், ஆர்டர் வேறு ஆளுக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

கரண்ட் போனாலோ ரோடு தோண்டி ஃபைபர் அறுந்தாலோ வருகிற மெயில் தொலைந்துவிடாது, அனுப்பிய சர்வர் சில நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் அதுவரை ஆபீஸில் யாராலும் மெயில் பார்க்க முடியாது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவு வேறு இருக்கிறது: 180 நாள் லாக் (சர்வரில் நடந்தவற்றின் பதிவு) வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏழு பேர் ஆபீஸில் இதை யார் பார்த்துக்கொள்வது? ஆபீஸ் மூலையில் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016 அல்லது 2019 ஓடிக்கொண்டிருந்தால் விஷயம் இன்னும் அவசரம், அந்த இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. முழுநேர சிஸ்டம் ஆள் சம்பளத்தில் இல்லாத ஆபீஸுக்கு சொந்த சர்வர் வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹோஸ்டிங்கோடு வரும் மெயில் மலிவு, அவ்வளவுதான். ஒரே ஐபியில் முகம் தெரியாத பல பேர் இருப்பார்கள், அதில் ஒருவருடைய வெப்சைட் ஹேக் ஆகி ஸ்பேம் கொட்டினால் நம் மெயிலுக்கும் 550 என்று ஆரம்பிக்கும் பவுன்ஸ் (மெயிலை ஏற்கவில்லை என்ற பதில்) வரும். எனக்குத் தெரிந்த ஒரு டூல் ரூமில் இப்படித்தான் டெலிவரி சலான் உட்பட எல்லாமே திரும்பி வந்தது. ஹோஸ்டிங் கம்பெனியைக் கூப்பிட்டால் டிக்கெட் போடுங்கள் என்றார்கள்.

ஆக, உண்மையான போட்டி மற்ற மூன்றுக்குள்தான். ஸ்பேமை வடிகட்டுவதிலும் பழைய மெயிலைத் தேடி எடுப்பதிலும் கூகுள்தான் முந்தி நிற்கிறது, மார்க்கெட்டிங் ஆள் நாள் முழுக்க வெளியே சுற்றி ஃபோனிலேயே வேலை பார்ப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். ஸ்டார்ட்டர் பிளானில் ஆளுக்கு 30 ஜிபி, மெயிலும் டிரைவும் சேர்த்து. 25 எம்பிக்கு மேல் டிராயிங் ஃபைல் இருந்தால் அதுவே டிரைவ் லிங்க்காக மாறிப் போகும், பெரிய கம்பெனிகள் சிலவற்றில் அந்த லிங்க்கைத் திறக்கவே விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்டில் நிறையப் பேர் ஏமாறுவது பிசினஸ் பேசிக்கில். அதில் எக்செல், அவுட்லுக் எல்லாம் பிரவுசரிலும் ஃபோனிலும்தான், கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்ய ஸ்டாண்டர்ட் பிளான் வேண்டும். ஆனால் காஸ்டிங் ஷீட் எல்லாம் மேக்ரோ போட்ட எக்செலில் ஓடுகிறது, அந்த எக்செலுக்கு எப்படியும் காசு கட்டத்தான் போகிறீர்கள் என்றால், ஸ்டாண்டர்ட் வாங்கிவிட்டு மெயிலையும் அதிலேயே வைத்துக்கொள்வதுதான் லாபம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்து இன்று சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி என்ற பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. மெயில் மட்டும் தேவைப்படுகிறவருக்கு மூன்றில் விலை குறைவு அதுதான், யாருக்குப் பெரிய மெயில்பாக்ஸ், யாருக்குச் சின்னது என்று பிளானைக் கலந்து வாங்கவும் முடிகிறது. இலவச பிளான் 5 பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி, ஆனால் அதில் ஐமேப் (வேறு மென்பொருளில் மெயிலைத் திறக்கும் வழி) கிடையாது, அதாவது அவுட்லுக்கில் இணைக்க முடியாது. அவுட்லுக்கிலேயே ஊறிப்போன அக்கவுண்ட்ஸ் மேடம் இருக்கும் ஆபீஸில் அது முதல் நாளே ரகளையாகிவிடும், எனவே காசு கட்டும் லைட் பிளானுக்கே போங்கள்.

எதை வாங்கினாலும் சேல்ஸ், அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ் என்று ஒவ்வொரு முகவரிக்கும் தனி லைசென்ஸ் வாங்காதீர்கள். மூன்றிலுமே கூடுதல் முகவரியை ஏற்கெனவே இருக்கும் ஆளின் பெட்டிக்கோ ஒரு குழுவுக்கோ திருப்பிவிட வழி இருக்கிறது, அதற்குத் தனிக் காசு இல்லை.

இவ்வளவு அலசினாலும், எந்த சர்வர் என்பதைவிடப் பெரிய கேள்வி, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது. வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் கணக்கில் பதிந்து வைத்திருந்தால் முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அது கையில் இருந்தால், வருகிற மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெகார்டை மாற்றி எப்போது வேண்டுமானாலும் வேறு இடத்துக்குப் போய்விடலாம்.

மாற்றும்போது முந்தின நாளே டிடிஎல் அளவை (பழைய ரெகார்டை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது) குறைத்து வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் எம்எக்ஸை மாற்றுங்கள். பழைய மெயிலை ஐமேப் வழியாக இழுத்துக்கொண்டு, பழைய கணக்கை ஒரு மாதமாவது மூடாமல் வையுங்கள். டேலியில் இருந்து இன்வாய்ஸ் போகிறதா, ஸ்கேனரில் இருந்து மெயில் போகிறதா என்று திங்கள் காலை முதல் வேலையாகப் பாருங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பு போட்ட பிறகு பெரும்பாலும் இவற்றுக்குத் தனியாக ஆப் பாஸ்வேர்ட் (அந்த ஒரு மென்பொருளுக்கோ கருவிக்கோ மட்டும் உரிய பாஸ்வேர்ட்) எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், பழைய கம்பெனியின் எஸ்பிஎஃப் ரெகார்டை நீக்காமல் புதிதாக இன்னொன்று சேர்த்துவிடாதீர்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.