இன்ஸ்பயர் ஹெப்: முதலில் தெரியும் எண்ணோடு நின்றுவிடாதீர்கள்

துகள் இயற்பியலில் ஒருவர் என்னென்ன எழுதியிருக்கிறார், அதை யார் யார் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று பார்க்க இன்ஸ்பயர் ஹெப் தளத்தை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. செர்ன், டெசி, ஃபெர்மிலேப், ஸ்லாக் போன்ற ஆய்வகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. ஸ்லாக்கின் பழைய ஸ்பையர்ஸ் தரவுத்தளத்தின் வாரிசு இது. 1991 டிசம்பரில் வட அமெரிக்காவின் முதல் இணையச் சர்வரை ஸ்லாக் அமைத்ததே அந்த ஸ்பையர்ஸை எல்லோரும் தேடிப் பார்க்கத்தான்.

ஒருவரின் பக்கத்தைத் திறந்ததும் மொத்த மேற்கோள்களும் எச்-இண்டெக்ஸும் (அது 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 உண்டு என்று பொருள்) கண்ணில் படும். அவர் செர்னின் மாபெரும் சோதனைக் குழுக்களான அட்லஸ் அல்லது சிஎம்எஸ்ஸில் இருப்பவர் என்றால் அந்த எண்ணை அப்படியே எடுக்கவே கூடாது. குழு வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஏறக்குறைய 3,000 பேரின் பெயர் ஏறும். ஹிக்ஸ் போசானின் நிறை குறித்து 2015இல் இரு குழுக்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியலும் நிறுவனப் பட்டியலும்தான். அதனால் இளம் ஆய்வாளர் ஒருவரின் எச்-இண்டெக்ஸ் மூத்த கோட்பாட்டாளருடையதைத் தாண்டி நிற்பது இங்கே சாதாரணம்.

செய்ய வேண்டியது இது. கட்டுரைப் பட்டியலுக்குப் போய், இடப்பக்க வடிகட்டிகளில் பத்து ஆசிரியர்களுக்குள் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மேற்கோள் சுருக்கத்தைத் திறந்து, தன்மேற்கோளை நீக்கும் பெட்டியைத் தட்டுங்கள். உடன் எழுதியவர் காட்டிய மேற்கோளும் தன்மேற்கோளாகவே கழிக்கப்படும். எண் சட்டென்று இறங்கினால் அதிர்ச்சி வேண்டாம். பத்து ஆசிரியர் வடிகட்டி போடாமல் பார்க்கும்போது, துகள்களின் அளவீடுகளைத் திரட்டி வெளியிடும் துகள் தரவுக் குழுவின் பெரிய தொகுப்பில் பெயர் உள்ளவருக்கு அதையும் தனியாக விலக்கிப் பாருங்கள். அந்த ஒரு தொகுப்பே ஆயிரக்கணக்கில் மேற்கோள் சேர்த்துவிடும்.

இப்படி வடிகட்டியபின் ஒரு சோதனை இயற்பியலாளரிடம் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. அவர் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. டிரிக்கர் (எந்த மோதலைப் பதிவுசெய்வது என்று நொடியில் தேர்ந்தெடுக்கும் அமைப்பு), கலோரிமீட்டர் (துகளின் ஆற்றலை அளக்கும் கருவி) அளவுத்திருத்தம் போன்ற உழைப்பெல்லாம் குழுவின் உள்குறிப்புகளிலும் பொறுப்புகளிலும்தான் தெரியும். எந்த மேற்கோள் தளமும் அதைக் காட்டாது. முதலாசிரியர் யார் என்று தேடுவதும் வீண். இத்துறையில் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில்தான் வரும். தேர்வுக் குழுக்களில் வேறு துறையினர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

ஆண்டுவாரி மேற்கோள் வரைபடம்தான் இந்தத் தளத்தின் மிகச் சிறந்த பகுதி. மின்காந்த விசையையும் வலுவற்ற விசையையும் ஒரே கோட்பாட்டில் இணைத்து ஸ்டீவன் வைன்பெர்க் 1967இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். 1971இல் டி ஹூஃப்ட் அவ்வகைக் கோட்பாடுகளை மறுஇயல்பாக்க (கணக்கில் முளைக்கும் முடிவிலிகளை நீக்க) முடியும் என்று காட்டும்வரை அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். இன்று மேற்கோள்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மூன்றாண்டுக் கணக்கை வைத்து ஒரு கோட்பாட்டுக் கட்டுரையை எடைபோடுவது எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மேற்கோள் விடுபட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் சின்னதுதான். நூற்பட்டியலை இயந்திரம்தான் பிரித்தெடுக்கிறது; தொகுதி எண்ணோ பக்கமோ பிசகினால் இணைப்பு விழாது. கட்டுரைகளின் முன்வரைவுகளை வைத்திருக்கும் ஆர்க்கைவ் தளம் தரும் எண்ணைக் கூடவே கொடுப்பதுதான் நல்ல மருந்து. இன்ஸ்பயர் தரும் பிப்டெக் குறிப்பை (நூற்பட்டியலுக்கான ஆயத்த வடிவம்) அப்படியே எடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லையே வராது.

பெயர்க் குழப்பம் நம்மவர்களுக்குக் கூடுதல். இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னும் இன்னொன்றில் பின்னும் வந்தால், அல்லது அப்பா பெயரை விரித்து எழுதினால், ஒரே ஆளுக்கு இரண்டு பக்கங்கள் முளைக்கும். முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி அடையாள எண்) வாங்கி, உள்நுழைந்து, தன் கட்டுரைகளை உரிமை கோரி வைப்பது நல்லது. வேலை விண்ணப்பத்துக்கு முதல்நாள் இதைத் தொடங்க வேண்டாம். திருத்தங்களைச் சரிபார்ப்பவர்கள் மனிதர்கள், நாளாகும்.

திடப்பொருள் இயற்பியல், கணிதம் பக்கமிருந்து வரும் மேற்கோள்கள் இங்கே முழுமையாகச் சேராது. அப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு கூகுள் ஸ்காலரையும், வானியலோடு ஒட்டியவற்றுக்கு நாசாவின் ஏடிஎஸ் தளத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.